உப்புத் தட்டு

கிணத்துக்கடவுப் பக்கம் ஊரார் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வேலனுக்கும் மாரியாத்தாளுக்கும் தொண்ணூற்று இரண்டில் மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் கிடைத்தது. வேங்கையும் மூங்கிலும் அடைத்துக் கிடந்த இடம். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு வருஷம் வெட்டிச் சாய்த்தார்கள். யாருடைய வழியில் வீடு கட்டுகிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. சொந்த மண் என்ற பூரிப்பு கண்ணை மறைத்திருந்தது.

புது வீட்டுக்குள் முதலில் உப்புதான் போக வேண்டும். அதற்கு ஒரு பிடி போதும். மாரியாத்தாளுக்குத்தான் எதிலும் ஒரு படி தூக்கலாகச் செய்தாக வேண்டுமே, மூட்டையையே இறக்கினாள். அந்த மாதமே ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று வந்து பின்சுவரைத் தள்ளி, உப்பை மட்டும் தின்றுவிட்டுப் போனது. சட்டி பானையைத் தொடவில்லை.

"கேக்கறதைக் குடுத்துப்போட்டா அது ஏனுங்க செவுத்த இடிக்குது?" என்றாள் புருஷனிடம்.

"ஆனைக்குப் பழக்கம் காட்டாத புள்ள," என்றான் வேலன்.

கேட்டால்தானே! வீட்டுக்கு எட்டத்தில் ஒரு பாறை. சாயங்காலமானால் அதில் உப்பைக் கொட்டி, அலுமினியத் தட்டில் ஒட்டியது உதிரக் கரண்டியால் தட்டுவாள். போகப்போக அந்தச் சத்தத்துக்கே மூங்கில் விலகி யானை வெளியே வந்தது. "வாங்க சாமி, பசியாறிட்டுப் போங்க" என்பாள். சுவர் தப்பியது. அக்கம்பக்கமெல்லாம் அவள் பேச்சுதான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து நிலத்தை வாங்கிய பாலகோபால் தென்னங்கன்று வைத்து, எல்லோரையும் போலக் குழிக்குக் குழி உப்பும் போட்டார். யானை விடுமா? மோப்பம் பிடித்துக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டது.

"ஏனுங்கம்மா, ருசி காட்டுனது நீங்க, அழுவறது நானுங்களா?" என்று வந்து நின்றார் பாலகோபால். "தோட்டத்தச் சுத்திக் கம்பி கட்டிப்போட்டனுங்க. இன்னைக்குப் பொழுதோட கரண்டு உடறேன். அப்பறம் என்னையச் சொல்லக்கூடாது."

அவள் கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை.

அன்று அவள் பாறையில் உப்பு வைக்கவில்லை. பொழுது சாயும்போது பார்த்தால், பாலகோபால் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் யானை நிற்கிறது. இந்தப் பக்கம் அவள். நடுவில் கம்பி. எப்படியாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும். சோளக்காட்டில் கிளி விரட்டியே வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? கையில் கிடைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"போயிருங்க சாமி! போயிருங்க!" என்று கத்திக்கொண்டே கரண்டியால் தட்டினாள்.

யானை காதை விரித்தது. அவளைப் பார்த்து நேராக நடந்தது. அவள் பலமாகத் தட்டத் தட்ட, அது எட்டி நடை போட்டது. செய்வது என்னவென்று அவளுக்கு உறைத்துத் தட்டை வீசி எறிந்தபோது, தும்பிக்கை கம்பியில் பட்டுவிட்டது.

காலையில் கம்பியோரம் செத்துக் கிடந்த யானைக்கு ஊரே கூடிப் பூப்போட்டுக் கும்பிட்டது. இடித்தால் இடித்துவிட்டுப் போகட்டும் என்று அந்தச் சுவரை விட்டிருக்கலாமே என்று மாரியாத்தாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வனத்துறை ஜீப் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்த பாலகோபால் அவள் பக்கத்தில் வந்தார். முகம் செத்திருந்தது.

"நீங்க தட்டுத் தட்டித் தொரத்துனது என்ற காதுலயும் உழுந்துச்சுங்க. உங்களால ஆனத நீங்க செஞ்சீங்க."

"தொரத்துலீங்க," என்றாள் மாரியாத்தாள். "கூப்புட்டுப்போட்டனுங்க."