சுன்லோவுக்குக் கேட்ட வேண்டுதல்

கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் பூ விற்கும் ராஜம்மாள், அன்று நான் போன் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள். சண்டை போட்ட சம்பந்தியைப் பார்க்காமல் பேசுவதுபோல, அதைப் பார்க்காமலேயே பேசினாள்.

“வளவா, நம்ம பேசறதையெல்லாம் இது, இதச் செஞ்ச நாட்டு கவர்மெண்டுக்கு அனுப்புதாமே? டிவியில சொன்னாங்க.”

“சந்தேகப்படறாங்கம்மா. இன்னும் நிரூபிக்கல.”

“அதெல்லாம் எனக்கு வேணாம்பா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் ஒரு வேண்டுதல் வெச்சிருக்கேன். வாய்விட்டு வேண்டினாத்தான் எனக்குத் திருப்தி. அப்பல்லாம் இது இடுப்புலதான் இருக்கும். இப்ப என் வேண்டுதல் வெளிய போயிடுச்சா, இல்லியா?”

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வேண்டுதல் நிறைவேறுகிறவரை அதை அடுத்தவர் காதில் போடக்கூடாது. போட்டால் பலிக்காது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ராஜம்மாளின் கவலை அந்த நாட்டைப் பற்றியதல்ல, தன் வேண்டுதலைப் பற்றியது.

“அவங்களுக்குத் தமிழ் எங்கம்மா புரியப்போவுது?” என்றேன்.

“புரியாதா? பேசினா வேற பாஷையில மாத்திச் சொல்லுமே. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரிங்ககிட்ட பூ விக்கறதுக்கு நீதான கத்துக் குடுத்தே?”

அவள் போனை மறுபடி முந்தானையில் இன்னொரு சுற்று சேர்த்துச் சுற்றிக்கொண்டு போனாள். அவளைத் தொடர்ந்து அந்த வாரம் முழுவதும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போட்டோக்கள் வெளியே போகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வேண்டுதல்தான் பிரச்சனை.

செங்கம் ரோட்டில் என் கடை. சுன்லோ போன்தான் என் பிழைப்பு. இந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேரின் கையில் இருப்பது நான் விற்ற சுன்லோதான். படம் தெளிவாக விழும், சார்ஜ் நிற்கும், கீழே போட்டாலும் உடையாது. அப்படிப்பட்ட கம்பெனியைத்தான் டிவியில் கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து பிய்த்து எறிந்தார்கள். கம்பெனியின் பின்னால் அந்த நாட்டு அரசாங்கம் இருக்கிறதாம். இருக்கிறதா என்றால் தெரியாதாம். ஆனால் இருக்குமாம். கம்பெனி இல்லவே இல்லை என்றது. நம்முடைய அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியது, அப்டேட்டை நிறுத்தியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிவியை அணைத்துவிட்டுக் காலிப் பெட்டிகளைத் தூசி தட்டினேன். யாரோ எங்கோ யாரையோ நம்பவில்லை என்றால், திருவண்ணாமலையில் என் கடையில் ஈ ஆடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

வீட்டிலும் ஒரு சுன்லோ இருந்தது. முதன்முதலாகக் கடைக்கு வந்த நீல நிறப் போன். அதை விற்க மனசு வராமல் என் மனைவி மணிமொழிக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை. ஆபீசில் யாரும் சுன்லோ வைத்திருக்கக்கூடாது, இருப்பதைத் திங்கட்கிழமை கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு வந்துவிட்டது.

“குடு, எல்லாத்தையும் அழிச்சிட்டுத் தர்றேன். உனக்கு வேற போன் போட்டுக்கலாம்” என்றேன்.

அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“இருக்கட்டுங்க. பவுர்ணமி முடியட்டும்.”

“பவுர்ணமிக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?”

“சும்மாதான்.”

சும்மாதான் என்று ஒரு பெண் சொன்னால் அது சும்மா இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மணிமொழி ஒரு பவுர்ணமிகூட விடாமல் கிரிவலம் போவாள். நான் போனதில்லை. சார்ஜரும் ஹெட்செட்டும் நன்றாக விற்பது அன்றைக்குத்தான்; கடையை விட்டு எப்படிப் போவது? ஆனால் போய்வந்தவர்கள் என்னிடம் ஒன்று சொல்வார்கள். “உன் வீட்டுக்காரம்மா மலை சுத்தி முடிக்கிற வரைக்கும் போன்லயே பேசினு வர்றாங்களே, அப்படி என்னப்பா பேச்சு?” நான் சிரித்து மழுப்புவேன். அம்மாவோடு பேசுவாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் அம்மா அடி அண்ணாமலையில் எட்டு மணிக்கே போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவள் என்பது நினைவுக்கு வரும். அந்த நினைவை ஓரமாகத் தள்ளிவைப்பேன்.

அவள் போனை எடுத்துப் பார்த்திருக்கலாம். பூட்டைத் திறக்கும் எண் எனக்குத் தெரியும், போட்டுக் கொடுத்ததே நான்தான். பார்க்கவில்லை. அந்த நாட்டுக்காரன் ஒட்டுக் கேட்கிறான் என்று ஊரே திட்டுகிறது, அதையே நான் என் வீட்டில் செய்வதா என்றிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் பயம்.

அந்தப் பவுர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலமே ஜனம் திரண்டது. ஆனால் என் பெயர்ப் பலகையில் இருந்த சுன்லோவைப் பார்த்ததும் செருப்பில்லாத கால்கள் தானாக ஒதுங்கிப் போயின. அந்தக் கூட்டத்தில் மணிமொழி போவதைக் கடைக்குள்ளிருந்தே பார்த்தேன். மாம்பழ நிறப் புடவை. காதில் நீலப் போன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என் கடையைத் தாண்டும்போது இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஷட்டரை இழுத்துவிட்டேன். செருப்பைக் கடை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன்.

யம லிங்கம் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு மலைப்பாதையில் திரும்பியதும் நிலா மேலே வந்துவிட்டது. ரோடு பால் தெளித்ததுபோல் இருந்தது. கற்பூர வாசனையும் சுண்டல் வாசனையும் கலந்து வந்தன. இவ்வளவு பேர் நடந்தும் சத்தமே இல்லை, வெறுங்கால்களின் சரசரப்பு மட்டும். நாங்கள் எல்லோரும் ரோட்டின் இடதுபக்கமாகவே நடந்தோம். மலையை ஒட்டிய வலதுபக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடப்பார்கள், அதை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்பார்கள். அந்தப் பக்கம் வெறும் நிலா வெளிச்சம் மட்டும் எங்களோடு கூடவே வந்தது.

எனக்கு என்னவோ, அந்தப் பக்கத்தில் அவனும் நடந்துவருவதுபோலத் தோன்றியது. அவன் என்றால், அந்த நாட்டில் ஏதோ ஒரு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். டிவிக்காரர்கள் சொல்வது உண்மையாக இருந்தால் அப்படி ஒருவன் இருக்கத்தானே வேண்டும்? மாதம் ஒருமுறை அவனுடைய காதில் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் வரும். கூடவே காலடிச் சத்தம், தூரத்து மணி, “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று யாரோ போடும் குரல். முதலில் அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அப்புறம் ஆசைப்பட்டுத் தமிழ் கற்றிருப்பான். அவனுடைய நாள்காட்டியில் நம்முடைய பவுர்ணமிகளைக் குறித்து வைத்திருப்பான். மேலதிகாரி கேட்டால், முக்கியமாக ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு அவளை மட்டும் தனியாகக் கேட்பான். இன்றைக்கு ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு, பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, வெறுங்காலோடு அந்த வெளிச்சத்தில் நடக்கிறான். கல் குத்தி முகம் சுளிக்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அவள் என்ன பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

சூரிய லிங்கம் போயிற்று. வருண லிங்கம் போயிற்று. மணிமொழி பேசிக்கொண்டே நடந்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். என்னோடு பேசும்போது அவள் இப்படிச் சிரித்தும் அழுதும் எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். பால் வாங்கியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன். வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொல்லும். அதைக் கேட்டால் போதும், திரும்பிவிடலாம் என்று இருந்தேன்.

பவுர்ணமியில் லைன் எங்கே கிடைக்கிறது? முதல் தடவை போகவே இல்லை. அடி அண்ணாமலை ஊர் எல்லையில் மறுபடி அழுத்தினேன்.

மணி அடித்தது.

எனக்கு முன்னால், மாம்பழ நிறப் புடவைக்காரியின் காதுக்குள்ளேயே அடித்தது. சுன்லோவின் குருவிச் சத்தம். மணிமொழி சுட்டுக்கொண்டவள்போலக் கையை உதறினாள். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேசிக்கொண்டிருக்கிற போன் எப்படி மணி அடிக்கும்?

திரையைப் பார்த்தாள். என் பெயரைப் பார்த்ததும் எடுத்தாள்.

“சொல்லுங்க.”

“யார்கிட்ட பேசினு இருந்தே?”

அவள் நடை மெதுவாயிற்று.

“நான் பின்னாலதான் வர்றேன், மணி.”

அவள் திரும்பவில்லை. போனைக் காதில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“யார்கிட்டயும் இல்லீங்க. தனியா முணுமுணுத்துனு போனா, பைத்தியம்னு பாக்கறாங்க. காதுல போன் இருந்தா யாரும் ஒண்ணும் கண்டுக்கறதில்ல.”

“அப்ப யார்கிட்ட பேசறே?”

“மலைகிட்ட.”

எனக்கு வந்தது நிம்மதியா வெட்கமா என்று தெரியவில்லை. இத்தனை பவுர்ணமியாக நான் தள்ளிவைத்த பயமெல்லாம் இந்த ஒரு சொல்லில் போய்விட்டது. ஆனால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

“என்ன சொன்னே மலைகிட்ட?”

“வெளிய சொன்னா பலிக்காதுங்க.”

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ரோடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

“அந்த நாட்டுக்காரனுக்குத் தெரியலாம். மலைக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழ இருக்கற எனக்குத் தெரியக் கூடாதா? எல்லாரையும் விட நான் கம்மியா போயிட்டனா?”

அவள் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு உடைந்தது.

“எனக்கு நாகப்பட்டினத்துக்குப் பிரமோஷன்ல போஸ்டிங் வந்திருக்குதுங்க. நாளைக்குள்ள சரின்னு சொல்லணும். பொறந்ததுலேர்ந்து இந்த மலைக்குக் கீழயே இருக்கேன். கதவத் தொறந்தா மலை, ஜன்னல தொறந்தா மலை. மலை தெரியாத ஊரு ஒண்ணுல கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசை. கடல் பக்கத்துல, எல்லாப் பக்கமும் தட்டையா. அதையும் அதுங்கிட்டயேதான கேக்கணும்? கேட்டேன்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“எப்படிங்க கேக்கறது? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, இந்த மலைய விட்டு நான் எங்கியும் வரமாட்டேன்னு எங்கப்பாகிட்ட பெருமையா சொன்னீங்க. அதான், இவரு மனசு மாறணும்னு சேத்து வேண்டிக்கினேன். ஆனா உங்க கடைக்கு இப்படி ஒரு கஷ்டம் வரணும்னு நான் வேண்டிக்கலீங்க. சத்தியமா வேண்டிக்கல.”

தான் கேட்டதால்தான் மலை ஒரு கம்பெனியையே முடக்கிவிட்டதோ என்று இந்த வாரம் முழுவதும் பயந்திருக்கிறாள். சாதம் வடித்துக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பயந்திருக்கிறாள். அவளை அந்த நிமிஷத்தில் எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வலதுபக்கம் பார்த்தேன். மலை நிலாவில் கருநீலமாகப் படுத்திருந்தது. நான் பிறந்தபோதும் இப்படித்தான் இருந்தது. என் பெருமையைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

“மணி, நாகப்பட்டினத்துக்குக் கூட வரவேண்டியது மலையா, நானா?”

“நீங்கதான்.”

“அப்ப மலைகிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? என்கிட்டச் சொன்னாத்தான பலிக்கும்?”

அவள் நின்றுவிட்டாள். நான் நடந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். இருவர் காதிலும் போன் அப்படியே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

“இப்பதான் சொல்லிட்டனே” என்றாள்.

அவள் குரல் எனக்கு இரண்டு முறை கேட்டது. பக்கத்திலிருந்து ஒருமுறை, ஒரு நொடி கழித்துப் போனில் ஒருமுறை.

“போலாம்” என்றேன். அதுவும் அவளுக்கு இரண்டு முறை கேட்டிருக்கும். அந்த ஹெட்போன்காரனுக்கும் கேட்டிருந்தால், கேட்டுக்கொள்ளட்டும்.