ஆற்றைத் தாண்டி வந்த ஹால்வரின் வீடு

வலது கையைப் பைபிளின் மேலும் இடது கையைக் காப்பிக் குவளையின் மேலும் வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் பெயர் செல்மர் பிரெக்கி. வடக்கு டகோட்டாவில் பிராண்டல் மாவட்டத்தின் ஆணையர்களில் ஒருவன். எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் நிலப்பரப்பு ஒரு வரி, வரலாறு ஒரு வரி, மக்கள்தொகை ஒரு வரி என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆகவே நானே எழுதுகிறேன்.

முதலில் நிலம். அது சமதளம். எந்த அளவுக்கு என்றால், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்று யோசிக்கும். கிழக்கே நொண்டி வாத்து என்று ஒரு ஆறு. அந்த ஆற்றின் நடுக்கோடுதான் எங்களுக்கும் ஸ்ட்ரவுட் மாவட்டத்துக்கும் எல்லை. அப்படிப் பத்திரம் எழுதியவர் அந்த ஆற்றை ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்கலாம். பனி உருகும் ஒவ்வொரு பருவத்திலும் அது புரண்டு படுக்கும், எல்லையும் கூடவே புரளும். எங்கள் பக்கத்துப் பண்ணை ரோல்ஃப் ஒருநாள் மாட்டுக்கடியில் உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தபோது அது எங்கள் மாடு. கறந்து முடித்தபோது ஸ்ட்ரவுட் மாடு.

அடுத்தது வரலாறு. எங்கள் மாவட்ட அலுவலகக் கட்டடம் ஸ்ட்ரவுட்டிலிருந்து திருடியது. எங்கள் பாட்டன்மார் ஒரு குளிர்காலத்தில் அதைப் பெயர்த்து, மரக்கட்டைகள் மேல் ஏற்றி, எருதுகளைப் பூட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே நீதிபதி வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தார். அங்கே குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இங்கே வந்து சேர்ந்தபோது விடுதலை ஆகிவிட்டது, ஏனென்றால் அவன் குதிரையைத் திருடியது வேறு மாவட்டத்தில். ஸ்ட்ரவுட்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

மக்கள்தொகையில்தான் சிக்கல். ஐந்நூறு தலைக்குக் குறைந்தால் மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுவது என்று தலைநகரில் சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் எழுத்தர், கருவூலர், தேர்தல் அதிகாரி எல்லாமே ஆர்டிஸ் ஃபாஸம் என்கிற ஒரே அம்மாள்தான். மார்ச் கடைசியில் அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஒரு தலை குறையுது, செல்மர். கிளாரிஸ் மூட்டுவலின்னு வெயிலைத் தேடி அரிசோனா போயிட்டா."

"யாராவது ஒரு பிள்ளை பெத்துக்கக் கூடாதா?"

"யாரு? இந்த மாவட்டத்துல கடைசியா கல்யாணம் ஆனவங்க நானும் எங்க வீட்டுக்காரரும்தான்."

"சேர்த்துட்டா என்ன ஆகும்?"

"இந்த ஆபீஸைப் பூட்டிருவாங்க. கார் நம்பருக்கு ஸ்ட்ரவுட்ல போய் வரிசையில நிக்கணும். எங்க அப்பா கல்லறைகூட ஸ்ட்ரவுட் ஆயிரும். அந்த மனுஷன் உயிரோட இருந்தவரைக்கும் அந்தப் பக்கம் எச்சில்கூடத் துப்பினதில்ல." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

எனக்கு ஹால்வர் ட்வெய்ட் நினைவுக்கு வந்தான். கல்யாணம் ஆகாத கிழவன், என் வயது. பிறப்பால் பிராண்டல்காரன். போன வருஷம் ஆறு புரண்டதில் அவன் வீடு அக்கரைக்குப் போய்விட்டது. அவனிடம் போனேன்.

"ஹால்வர், ஏப்ரல் முதல் தேதிதான் தலை எண்ணுற நாள். அன்னைக்கு மட்டும் எங்க வீட்ல வந்து இருடா."

"மாட்டேன். என் கட்டில்ல தவிர எனக்குத் தூக்கம் வராது."

"பகல்ல வந்து இருந்தா போதும்டா."

"நான் பகல்லதான் தூங்குவேன்."

"மாவட்டமே போகப்போகுதுடா."

"போகட்டும். ஆத்தோட சேர்ந்து அதுதான் என்னை விட்டுட்டுப் போச்சு. நான் எங்கயும் போகல."

அவனோடு பேசுவதும் வேலிக்கம்பத்தோடு பேசுவதும் ஒன்று. கம்பமாவது காப்பி கேட்காது. கடைசியில் சொன்னேன்: "சரி, நீ வர வேணாம். வீடு வரட்டும். நீ உள்ள படுத்துக்க."

அவன் தன் குவளைக்குள் எட்டிப் பார்த்தான். "காப்பி சிந்தாதுல்ல?"

ஆறு இன்னும் உறைந்துதான் கிடந்தது. நாலு ஆள், ரெண்டு டிராக்டர் போதும் என்று கணக்குப் போட்டு, ஆர்டிஸிடம் மட்டும் சொன்னேன். யாருக்கும் சொல்லாதே என்றும் சொன்னேன். அவள் தன் தங்கையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், யாருக்கும் சொல்லாதே என்று.

எங்கள் மாவட்டத்தில் ஒருவன் வேலை செய்யும்போது மற்றவன் வீட்டில் இருந்தால் அது சாகும்வரை பேசப்படும். ஏப்ரல் முதல் தேதி காலையில் பிராண்டல் மாவட்டம் முழுக்க ஹால்வரின் முற்றத்தில் நின்றது. ஆளுக்கொரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். படுத்த படுக்கையாக இருந்த பெடர் மாமாவைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள், யோசனை சொல்வதற்காக. எல்லாருமே யோசனை சொல்லத்தான் வந்திருந்தார்கள்.

"செல்மர், கயிறு இறுகுது."

"கயிறு வேற என்ன செய்யும், எட்னா?"

"எங்க தாத்தா காலத்துல எருதுதான் பூட்டுவாங்க."

"உங்க தாத்தாவைக் கூட்டிட்டு வாங்க, பூட்டுறேன்."

வீட்டை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வழுவழுப்பான இரண்டு மரங்களின் மேல் ஏற்றி, பின்னாலிருந்து தள்ளினோம். மாவட்டமே சேர்ந்து தள்ளியதில்தான் வினை. பனிக்கட்டியைத் தொட்டதும் வீடு எங்கள் கையை விட்டுவிட்டது. புகைபோக்கியில் புகை விட்டபடி ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரை ஏறி, ஒரு காருக்கு முன்னால் போய் நின்றது. அதன் பின்னாலேயே பனிக்கட்டி நெடுக வெடித்து, தண்ணீர் பொங்கியது. நாங்கள் இக்கரையில் நின்றோம், அதாவது ஸ்ட்ரவுட்டில்.

அந்தக் காரில் இருந்தவர் தலை எண்ண வந்த அதிகாரி, டெஸ்மண்ட் கிரல். காலையிலிருந்து வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒரு நாயைக்கூடப் பார்க்காமல் நொந்துபோயிருந்தார். நாய்களும் எங்களோடுதான் வந்திருந்தன. அவர் ஹால்வரின் கதவைத் தட்டினார். ஹால்வர் காலுறையோடு, கையில் குவளையோடு திறந்தான்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"ஒருத்தன். அதுவும் நீங்க தட்டினதால எழுந்தவன்."

ஆர்டிஸ் கரையோரம் ஓடிக் கத்தினாள். "சார், நாங்க எல்லாரும் பிராண்டல்காரங்க."

"இப்ப எங்கம்மா நிக்கிறீங்க?"

ஆர்டிஸ் பொய் சொல்லத் தெரியாதவள். எங்கள் மாவட்டத்தில் அப்படி அவள் ஒருத்திதான், அவள்தான் அன்று பேச வேண்டியிருந்தது. "ஸ்ட்ரவுட்ல," என்றாள்.

"இன்னைக்கு எங்க நிக்கிறீங்களோ அங்கதான் உங்களை எழுத முடியும். பிராண்டல்ல ஒரே ஒருத்தர்தான் இருக்கார்."

அக்கரையிலிருந்து ஹால்வரின் குரல் வந்தது. "செல்மர், அப்ப நான்தான் மாவட்டமா? நான் வெச்சதுதான் சட்டமா?"

"வாயை மூடுடா."

"முதல் சட்டம், தூங்குற நேரத்துல யாரும் கத்தக் கூடாது."

ஆர்டிஸ் ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், துடைக்கவில்லை. நான் என் தொப்பியைத் தரையில் போட்டு மிதித்தேன். அது போதாமல் ரோல்ஃபின் தொப்பியையும் வாங்கி மிதித்தேன். நாலு ஆள் போதும் என்ற இடத்துக்கு ஒரு மாவட்டமே வந்தால் இப்படித்தான் ஆகும் என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். எட்னா எனக்கு ஒரு தட்டில் சாப்பாடு வைத்துக் கொடுத்தாள். எரிச்சலில் இருக்கிறவனுக்குச் சாப்பாடு கொடுப்பது இந்த ஊரின் கெட்ட பழக்கம். திட்டவும் முடியாது, வாய் நிறைந்திருக்கும்.

நான் மென்றுகொண்டிருந்தபோதுதான் மேலே எங்கோ அடைத்திருந்த பனிக்கட்டி உடைந்தது. நொண்டி வாத்து ஆறு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு தன் வழக்கப்படி புரண்டு படுத்தது. எங்கள் முன்னால் இருந்த தண்ணீர் வடிந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், ஸ்ட்ரவுட்காரர்களின் மாதா கோவிலையும் சுற்றிக்கொண்டு, புதுத் தண்ணீர் ஓடியது. உள்ளே அவர்களின் பாடகர் குழு ஈஸ்டருக்குப் பாடிப் பழகிக்கொண்டிருந்தது. பாதிரியார் வெளியே தலையை நீட்டினார்.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல, ஐயா. உங்க மாவட்டம் மாறிடுச்சு. சாப்பிட வாங்க," என்றேன்.

ஆர்டிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கிரலைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "சார், இப்ப நாங்க எங்க நிக்கிறோம்?"

அவர் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஆற்றைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "பிராண்டல்ல," என்றார், வயிற்றுவலிக்காரர்போல. பிறகு இறங்கி வந்து எங்களை எண்ணினார். பாடகர் குழுவையும் சேர்த்து ஐந்நூற்றுக்கு மேல் தாராளமாகவே இருந்தது. எட்னா அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தாள்.

ஆர்டிஸின் அலுவலகம் இன்றும் திறந்திருக்கிறது. அவள் அப்பா இன்னும் எங்கள் மண்ணில்தான் கிடக்கிறார். ஹால்வர் மட்டும் வாரம் தவறாமல் வந்து நிற்கிறான்: வீடு திரும்பி நிற்கிறதாம், சாயங்கால வெயில் தலையணையில் அடிக்கிறதாம், திருப்பி வைக்க வேண்டுமாம். நாலு ஆள் போதும் என்கிறான்.

இப்போது பைபிளிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்: பிராண்டல் மாவட்டத்தின் நான்கு எல்லைகளும் அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடுகள். அவற்றைச் சுற்றி அறுபது மைல் தூரத்துக்கு ஆறே கிடையாது.