காராமணி ஓட்டு

இது சந்தோஷமாக இருக்க முடியாது. மார்பில் புற்றுநோய் என்று கேட்டுவிட்டு வந்த எந்தப் பெண்ணுக்கு உள்ளே இப்படித் துள்ளும்? ஆனால் துள்ளுகிறதே. பரீட்சை முடிவு வருகிற காலையில் துள்ளுமே, அப்படி. முன்னால் வண்டி ஓட்டுகிற ஜோசப் கண்ணாடியில் பார்த்துவிட்டால், பயத்தில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைப்பார். முகத்தை வைத்துக்கொள், லினெட்.

அவள் முகத்தை வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடித்த கையோடு அவளும் கணவர் ஜோசப் ஆனந்தும் அரியாங்குப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவருடைய அக்கா ஆனந்தமேரியின் வீட்டுக்கு. மகள் வெரோனிகா காலாப்பட்டு ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்து நேரே அங்கே வந்துவிடுவாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டு. லினெட்டின் இடது மார்பை முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்று குடும்பம் ஓட்டுப் போட்டு முடிவு செய்யப்போகிறது.

வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் சிரித்ததில்லை. லினெட்டின் மாமனார் நகராட்சியில் தேர்தல் வேலை பார்த்தே தலை நரைத்தவர். நகராட்சி என்று அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை, கடைசி வரைக்கும் பிரெஞ்சில் 'மேரி'தான். வீட்டில் பெரிய காரியம் எதுவென்றாலும் ஞாயிறு மதியம் சூப்பியேர் மேசைக்கு வரும். மூடி போட்ட பீங்கான் சூப் கிண்ணம் அது. ஆளுக்கு ஒரு வெள்ளைக் காராமணி, ஒரு சிவப்புக் காராமணி. சரி என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் சிவப்பு. மூடிய கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் ஓட்டு செல்லாது. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் கிண்ணம் போகவில்லை. வாசல் கேட்டுக்கு மஞ்சள் பெயின்ட் வந்தது ஓட்டில்தான். ஜோசப்பின் கடைசித் தம்பி ஜெர்ரி பிரான்சுக்குப் போனதும் ஓட்டில்தான். அன்றைக்கு விழுந்த ஒரே சிவப்பு தன்னுடையது என்று விமானம் ஏறும்போதுதான் அவன் சொன்னான். வெரோனிகாவுக்குப் பெயர் வந்ததும் அப்படியே. லினெட் வேறொரு பெயரை ஆசைப்பட்டுச் சொல்லியிருந்தாள். அது தோற்றது. என்ன பெயர் என்று கேட்டால் இப்போது வேறு யாருக்கும் நினைவிருக்காது.

அவளுக்குள் துள்ளுகிற சங்கதி போன வாரம் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. டாக்டர் நிர்மலாதேவி படம் வரைந்து காட்டினார். கட்டி சுண்டைக்காய் அளவுதான், அக்குளில் நெறி எதுவும் கட்டியதாகத் தெரியவில்லை, அதனால் இரண்டு வழி இருக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள சதையோடு மட்டும் எடுத்துவிட்டு, பிறகு சில வாரம் தினம் வந்து ரேடியேஷன் வைத்துக்கொள்ளலாம். அல்லது மார்பை முழுவதுமாக எடுத்துவிடலாம். ஆயுள் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. முதல் வழியில் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். எடுத்த சதையின் ஓரம் சுத்தமாக இல்லையென்றால் இன்னொரு முறை கத்தி வைக்க நேரலாம். இரண்டாவதில் பெரும்பாலும் ரேடியேஷன் தேவைப்படாது, ஆனால் போனது போனதுதான். புது மார்பு வேண்டுமென்றால் அது தனி ஆபரேஷன்.

"உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார் டாக்டர்.

ஜோசப் தொண்டையைச் செருமினார். "நான் அவங்களக் கேட்டேன் சார்," என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டேதான். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு லினெட்டை என்னவோ செய்தது. லாஸ்பேட்டை கல்லூரி அலுவலகத்தில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறாள். அந்த வேலைக்கு மனுப் போட்டது அவள் அப்பா. கல்யாணத்தில் அவளுக்கு எந்தப் பூச்செண்டு என்றுகூட யாரும் கேட்கவில்லை. இப்போது ஒருத்தர் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைக்கிறார். யோசித்துப் புதன்கிழமை வந்து சொல்கிறேன் என்று சொல்லும்போது, நோய்க்காரி குரல் மாதிரியே அது இல்லை.

யோசித்தாள். அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் முழுக்க, மார்பை எடுத்துவிட்டவளாகவே இருந்து பார்த்தாள். அப்படித்தான் எழுந்தாள், குளித்தாள், ஆபீசுக்குப் போனாள். பாரம் இறங்கினாற்போல இருந்தது. முடிந்தது, இனி பார்க்கவும் தொடவும் பயப்படவும் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஜோசப்பிடம் எடுத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொல்லியும் பார்த்தாள். அவர் முகம் தெளிந்தது, இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். மறுநாள், கட்டியை மட்டும் எடுத்தவளாக இருந்தாள். பயம் கூடவே வந்தது. பைல்களுக்கு நடுவே உட்கார்ந்தது, ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டது. வருஷா வருஷம் மாமோகிராம் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதை நினைத்தால் உள்ளங்கை வேர்த்தது. ஆனாலும் அன்றைக்குத்தான் அவள் தன்னையறியாமல் காரியங்களை யோசித்துக்கொண்டிருந்தாள்: ரேடியேஷனுக்குக் காலையிலா மதியமா, லீவை எப்படிப் பிரிப்பது, தளர்வான காட்டன் ரவிக்கை எத்தனை வேண்டும். முதல் நாளில் நிம்மதி மற்றவர்களுக்கு. இரண்டாம் நாளில் பயம்கூட தன்னுடையது. அதைக் கண்டுபிடித்ததிலிருந்துதான் இந்தத் துள்ளல்.

வெரோனிகா மஞ்சள் கேட்டிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் மின்னின. அப்பா வண்டியை உள்ளே தள்ளிப் போகும் வரை காத்திருந்து, காதில் கிசுகிசுத்தாள். ஜெர்ரி சித்தப்பாவைப் போனில் பிடித்து மணிக்கணக்காகப் பேசி மாற்றிவிட்டாளாம். சிவப்பு போடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். அத்தை வெள்ளை, அப்பா வெள்ளை, சித்தப்பா சிவப்பு, தான் சிவப்பு.

"உன் கையிலதான்மா இருக்கு. நீ செவப்பு போட்டா முடிஞ்சுது. முழுசா எடுக்கறது தோத்துடும்."

"வயசு பத்தொம்பது, அதுக்குள்ள கேன்வாசா?" என்றாள் லினெட். ஆனால் மகளின் கையை அழுத்திப் பிடித்தாள். தன் பக்கம் இரண்டு ஓட்டு இருக்கிறது என்பது அவளை ஒரு நொடி கிறுகிறுக்க வைத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஜெயிக்கப் போகிறாள்.

சமையலறையில் ஆனந்தமேரி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள். சில வருஷங்களுக்கு முன் அவளுக்கும் இதே நோய் வந்து வலது மார்பை எடுத்திருந்தார்கள். லினெட்டைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் உள்ளே வெள்ளைத் துணியில் உருண்டையாகத் தைத்த சின்னத் தலையணை. கேழ்வரகு அடைத்தது.

"கடையில விக்கறது வெயிலுக்கு வேகுது. இது குளுகுளுன்னு இருக்கும். என்னுதும் இதான்," என்று தன் மார்பைத் தட்டிக் காட்டினாள். "உனக்கு ஒரு சுத்து சின்னதா தச்சிருக்கேன். கண்ணளவுதான். சரியா இருக்கா பாரு."

லினெட் அதை உள்ளங்கையில் வைத்திருந்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. தையல் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு நேராக இருந்தது. எத்தனை மத்தியானம் உட்கார்ந்து தைத்தாளோ. எடுத்துவிடலாம் என்றே ஒரு கணம் தோன்றியது, இந்தத் தையலுக்காகவாவது.

ஆனந்தமேரி மீனைத் திருப்பிப் போட்டபடி, தலை நிமிராமல் பேசினாள். மார்பை எடுப்பதென்று முடிவானது அவளுக்கே தெரியாது. அவள் புருஷன்தான் டாக்டரோடு வெளியே நின்று பேசிக் கையெழுத்துப் போட்டார். நினைவு வந்து மார்பில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது.

"எனக்கு இந்தக் கிண்ணம் வரல லினெட்டு. அதான் ஜோசப்பு கிட்ட சொன்னேன், இவளுக்கு மொறப்படி வெக்கணும்டா, எல்லாரும் சேந்து சொல்லணும்னு. எடுத்துடு. எடுத்துட்டா நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி. பேச்சுத் தொணைக்கு எனக்கும் ஆள் வேணும் இல்ல?"

அவளுடைய சிரிப்பில் பாதி வேடிக்கை, பாதி கெஞ்சல். அப்போதுதான் லினெட்டுக்கு அது உறைத்தது. இவர்கள் என் உடம்பைக் கூறு போடக் கூடியிருக்கவில்லை. தனக்குக் கிடைக்காத ஒரு மரியாதையைத் தன்னால் முடிந்த அளவில் இந்த மனுஷி எனக்குச் செய்கிறாள். தவறு அன்பில் இல்லை, கிண்ணத்தில் இருக்கிறது. சிவப்பைப் போட்டு ஜெயித்தால், இவளைத் தோற்கடித்து ஜெயிக்க வேண்டும். அதற்கும் மேலே ஒன்று. சிவப்பு ஜெயித்தால், லினெட்டின் மார்பைக் குடும்பம் அவளுக்கு விட்டுக்கொடுத்ததாகிவிடும். அவர்களுடையதாக இருந்தால்தானே விட்டுக்கொடுக்க?

உள்ளே துள்ளியது நிற்கவில்லை. ஆனால் இப்போது அது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்துகொண்டதுபோலத் துள்ளியது.

சாப்பாட்டின்போது எல்லாரும் அளவுக்கு மீறிப் பேசினார்கள். ஜோசப் மீன் முள்ளைப் பற்றி ஒரு பழைய கதை சொன்னார், யாரும் கேட்காமலே இரண்டாம் முறையும் சொன்னார். இலையை எடுத்ததும் மேசையைத் துடைத்துச் சூப்பியேரை நடுவில் வைத்தாள் ஆனந்தமேரி. தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் ஜெர்ரியின் முகம், குளிருக்குக் கழுத்து வரை சட்டை. அவனுக்குப் பதிலாகக் காராமணி போடும் உரிமை வெரோனிகாவுக்கு. பிரான்ஸ் தேர்தலுக்கு ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் இன்னொருவர் மூலம் ஓட்டுப் போடுவதுபோல அதற்கும் ப்ரொக்கூராசியோன் என்றுதான் அந்த வீட்டில் பெயர். ஜோசப் எழுந்து நின்று, முழுவதுமாக எடுத்துவிடுவது என்பதற்குச் சரியா என்று கேள்வியைப் படிப்பதுபோலச் சொன்னார்.

ஆனந்தமேரி போட்டாள். ஜோசப் போட்டார், போட்டுவிட்டுக் கையை உடனே எடுக்க முடியாமல் கிண்ணத்துக்குள்ளேயே கொஞ்சம் வைத்திருந்தார். வெரோனிகா சித்தப்பாவுக்கு ஒரு முறை, தனக்கு ஒரு முறை. பிறகு கிண்ணம் லினெட்டின் முன்னால் வந்தது. மேசைக்கு அடியில் மகளின் கால் அவள் காலை மிதித்தது.

லினெட் இரண்டு காராமணியையும் மேசைமேல் வைத்தாள்.

"நான் போடலக்கா."

ஜோசப் புரியாமல் பார்த்தார். "நீ போடலன்னா செல்லாதே. அப்பா வெச்ச சட்டம்."

"செல்லாமப் போவட்டும்ங்க. கட்டிய மட்டும் எடுத்துக்கறேன்னு புதன்கெழம டாக்டர்கிட்ட சொல்லப்போறேன். நீங்க கூட வரணும். பயமா இருக்கு எனக்கு."

வெரோனிகாவின் கால் விலகியது. போனில் ஜெர்ரி, அண்ணி ஜெயிக்கற ஓட்டைப் போய் விடறீங்களே என்று ஆரம்பித்து, யார் முகத்தையோ பார்த்து நிறுத்திக்கொண்டான். ஜோசப் நாற்காலியில் உட்கார்ந்தார். புதன்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

ஆனந்தமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. கிண்ணத்தை இன்னும் ஒரு சாண் லினெட் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணே ஒண்ணு போடும்மா. எந்த நெறமோ போடு. எனக்காவ."

லினெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெயும் மஞ்சளும் மணக்கிற கை. அதை விடாமலே, மெல்லத் தலையை ஆட்டினாள்.

"மாட்டேங்க்கா."