மூன்று கீற வேண்டிய இடத்தில் ஒன்று

ஆணி வழுக்கிக்கொண்டே போகிறது, கறுப்புத் தட்டின் மேல் மெல்லிய சுருள் எழுந்து விழுகிறது, ஹெஸ்டர் அதை ஊதிவிடுகிறாள், விரல் நுனியில் ஒட்டிய தூள் இன்றைக்கும் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றும், முப்பத்தைந்து வருடமாகக் கழுவுகிற கை, ஜோகன்னஸ்பர்க் வானொலியின் இசைத்தட்டு நூலகத்தில் அப்போது அவளுக்கு அதுதானே வேலை, தணிக்கைக்காரர்கள் சிவப்பு மையில் வட்டம் போட்ட பாட்டை யாரும் ஒலிபரப்ப முடியாதபடி ஆணியால் குறுக்கே மூன்று முறை கீற வேண்டும், கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம், அட, இதுவும் ஒரு பிழைப்பு.

அன்றைக்கு இசைத்தட்டின் உறையிலிருந்து அவளைப் பார்த்தது தம்பி வெஸலின் முகம், அப்பாவின் மூக்கு, கையில் கித்தார், ஆங்கிலத்தில் எவனாவது வெள்ளை அரசாங்கத்தைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொண்டார்கள், இவனோ வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளை, அப்பா ஜெபிக்கிற ஆஃப்ரிகான்ஸில், போலீஸ்காரன் கறுப்பர்களை விரட்டுகிற அதே ஆஃப்ரிகான்ஸில் கேள்வி கேட்டான், அதுதான் சுட்டது. சிவப்பு வட்டம் நான்காவது பாட்டுக்கு, அது எந்த நாளைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும், பதினெட்டு வயதில் அங்கோலா எல்லைக்குப் பட்டாளத்தில் அனுப்பப்பட்டவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான், அவள் ஜன்னல் வழியே அந்தக் கண்களைப் பார்த்துப் பயந்து தாழ்ப்பாளில் கைவைத்தபடி நிற்கிறாள், எவ்வளவு நேரம் நின்றாளோ, அக்கா, நான்தான், கதவைத் திற, திறந்தாள், திறந்தாள்தான், ஆனால் அவன் அந்த நேரத்தை மறக்கவில்லை, பாட்டாக்கிவிட்டான், நான் சுட்டவனுக்கும் வீட்டில் ஒரு அக்கா இருந்திருப்பாள் என்று முடித்துவிட்டான். ஒன்று கீறினாள், இரண்டாவதற்குக் கை வரவில்லை, பதிவேட்டில் மூன்று என்று எழுதிவிட்டாள், ஒரு கீறல்தானே, முள் துள்ளித் தாண்டிவிடும், பாட்டு பிழைத்துக்கொள்ளும் என்று அன்றிலிருந்து தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு, தேவாலயம் முடிந்து ஆட்டுக்கறி விருந்து, வெஸல் சிரித்தபடி கேட்கிறான், அக்கா, உங்க ஆபீஸ்ல ஆணி பிடிக்கிற அந்தப் புண்ணியவான் யாரு, ஒரு நாள் காட்டேன், கை குலுக்கணும், அவள் அவன் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தபடி, யாருக்குத் தெரியும், கீழ் மாடியில யாரோ பண்றாங்க, நீ சாப்பிடுடா என்கிறாள், அவன் அவள் விரல்களையே பார்த்தான், பார்த்தானா, இல்லை அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா. கல்லூரிகள் மேடை மறுத்தன, கம்பளிக் கிடங்குகளில் பாடினான், வெளியே வந்தால் கார் டயர்கள் கிழிந்து கிடக்கும், அப்பா குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் தன் கையாலேயே எழுதியிருந்த அவன் பெயரை அடித்தார், அவரும் ஒரே ஒரு கோடுதான் போட்டார். பிறகு ஆட்சி மாறியது, கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள், வெஸல் அழுதான், சந்தோஷத்தில்தான், ஆனால் அவன் பாட்டு அதற்கப்புறம் யாருக்கும் தேவைப்படவில்லை, கல்யாணத்துக்கு வந்து ஜாலியா ஏதாவது பாடுப்பா என்றார்கள், குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தவன், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா அக்கா என்று கேட்டான், தண்ணி வேணுமாடா என்றாள், பாவி, அதையா சொல்வாய், போன செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தான்.

இப்போது காலை பத்து மணி, அதே கட்டடம், அஞ்சலி நிகழ்ச்சிக்காக அவளை மைக் முன்னால் உட்காரவைத்திருக்கிறாள் லெராட்டோ, கறுப்பினத்து அறிவிப்பாளர், நூலகத்திலிருந்த அந்தப் பழைய தட்டையே தேடி எடுத்து வந்திருக்கிறாள், கீறல் இருக்கேம்மா, ஓடுமா என்று கேட்கிறாள், ஓடும்மா, ஒண்ணே ஒண்ணுதான், தாண்டிடும் என்கிறாள் ஹெஸ்டர், குரலில் கொஞ்சம் பெருமைகூட. முள் இறங்குகிறது, கித்தார், வெஸலின் இளங்குரல், அக்கா, நான்தான், கதவைத் திற, டக், அக்கா, நான்தான், கதவைத் திற, டக், தாண்டவில்லை, ஆணி போன இடத்தில் முட்டி முட்டித் திரும்புகிறது, லெராட்டோ பதறி முள்ளைத் தூக்கப் போகிறாள், ஹெஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள், விடும்மா, அவன் கூப்பிடட்டும், மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நாடே கேட்கிறது, கேட்க வேண்டியவன் இல்லை, அவள் குனிந்து மைக்கில் சொல்கிறாள், நான்தான்டா, வெஸல், ஆணி பிடிச்சது நான்தான். டக், அக்கா, நான்தான், கதவைத் திற என்கிறான் அவன்.