உச்சந்தலையில் முட்டை வாசம்

கஸ்ஸா பிறந்த ஒன்பதாம் நாளிலிருந்து, அவன் தாய் அஸ்னகு முந்தின நாள் சாப்பிட்டது என்னவோ அது அவன் உச்சந்தலையில் மணந்தது. கோஜ்ஜாம் மேட்டிலுள்ள கோலாம்பாவில் இதை யாரும் கவனிக்கவில்லை. மணந்தது இன்ஜெரா என்னும் புளித்த அப்பமும் கடலைமாவு ஷிரோ குழம்பும்தான். ஊரிலிருந்த எல்லாக் கைக்குழந்தைகளின் தலையிலும் அதேதான் மணந்ததென்று பிற்பாடு தெரிந்தது. எல்லா வீட்டிலும் ஷிரோதான் கொதித்தது என்பதால் ஒருவர் மூக்குக்கும் அது உறைக்கவில்லை.

மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் ஃபந்தனேஷ், தாய்மார்களை உட்காரவைத்து, நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள். அவள் தாளில் பத்து வகை உணவு இருந்தது. பெண்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கறி, பால், பூசணி, கீரை என்று அள்ளிவிட்டார்கள். அந்தத் தாளை நம்பினால் கோலாம்பாவில் தினமும் கல்யாணச் சாப்பாடு. அஸ்னகுவும் "முட்டை" என்றாள். எடை பார்க்கக் கஸ்ஸாவைத் தூக்கிய ஃபந்தனேஷ் சட்டென்று நின்றாள்.

"முட்டையா? உன் புள்ள தலையில வெறும் ஷிரோ வாசம்தான்டி வருது!"

"கோழி போடுறதெல்லாம் சந்தைக்குப் போயிருதுக்கா."

நர்ஸின் அளவு நாடா அஸ்னகுவின் கையை இரண்டு சுற்று சுற்றி, மிச்சத்தில் பூ முடிச்சும் போட வந்தது. "இப்படியே பால் குடுத்தேன்னா நீ கரைஞ்சே போயிருவ. முட்டை தின்னு, கீரை தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பத்தைந்து நாள் பெருநோன்பு தொடங்கியது. முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. பால் கொடுப்பவர்களுக்கு நோன்பு கிடையாதென்று பாதிரியார் மெலாக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் பெண்கள் தலையாட்டிவிட்டு நோன்பிருப்பார்கள். கடவுளுக்குப் பயந்து அல்ல, பக்கத்து வீட்டுத் தெரெஃபெச்சுக்குப் பயந்து.

நான்காம் வாரம் அஸ்னகு எழுந்து நின்றால் சுவர்கள் சுற்றின. மத்தியானத்துக்குள் பால் வற்றிவிடும். கஸ்ஸா சப்பிப் பார்த்துவிட்டு, அழாமல் அவள் முகத்தையே பார்ப்பான். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சனிக்கிழமை, சந்தைக்குப் போக வேண்டிய மூன்று முட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மறுநாள் தேவாலயத்தில் பிள்ளையின் தலையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்தி, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்து, நின்றபடியே தின்று, சட்டியையும் விரலால் வழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாசம் சாம்பிராணியைத் தோற்கடித்தது. ஏழு ஊர் நாய்கள் தேவாலய வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. முதுகில் தன் மகளைக் கட்டியிருந்த தெரெஃபெச் திரும்பினாள்.

"என்னடி, நோன்பு நாள்ல கோழிக்கூண்டையே முதுகுல கட்டிட்டு வந்திருக்க?"

அஸ்னகு தலையைக் குனியவில்லை. "ராத்திரி வயிறு நெறையக் குடிச்சான்க்கா. பொறந்ததுலருந்து நேத்துத்தான் விடியற வரைக்கும் தூங்குனான்."

மெலாக்கு கைச்சிலுவையுடன் வந்தார். கஸ்ஸாவின் தலையைத் தொடக் குனிந்தவர், நான்கு வாரமாக முட்டையைக் கண்ணால் பார்க்காத மனிதர், ஆசீர்வாதத்துக்குத் தேவையானதைவிடச் சற்று அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

"பதினேழு வருசமாக் கத்துறேன்," என்றார் நிமிர்ந்து. "இன்னிக்குத்தான் ஒருத்திக்குக் காது கேட்டிருக்கு."

திரும்பும் வழியில் தெரெஃபெச் நடையை எட்டிப்போட்டு அஸ்னகுவின் பக்கத்தில் வந்தாள். பிறகு, "வெங்காயம் எவ்வளவு போட்ட?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் மகளின் தலையில் முட்டை மணந்தது, வெங்காயம் கொஞ்சம் தூக்கலாக. ஈஸ்டருக்குள் பிள்ளைகள் இருந்த பக்கமெல்லாம் வெண்ணெயும் கீரையும் பூசணியும் மணந்தன. ஃபந்தனேஷ் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். தலைகளை மோந்து பார்த்துத் தாளில் குறித்துக்கொள்கிறாள்.

கோலாம்பாவில் இப்போது கைக்குழந்தையை யார் கையில் வாங்கினாலும் முதலில் உச்சந்தலையை மோந்து பார்க்கிறார்கள். வெறும் ஷிரோ மணந்தால் எதுவும் கேட்பதில்லை. மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் ஒரு முட்டை இருக்கும்.