கசிலோஃபை விட்டால் ஆறே இல்லை

அலாஸ்காவில் ராஜ சால்மன் மீனுக்கென்று கடவுள் படைத்தது ஒரே ஒரு ஆறு, அது கசிலோஃப். மற்றதெல்லாம் பனி உருகி வழிந்த தண்ணீர். இது நிக்கிஃபோரின் முடிந்த முடிவு.

அவன் மைத்துனன் ஸ்டெபான் போவதோ நினில்சிக் ஆற்றுக்கு. அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம் நிற்கும். மீன் மாட்டியவர் “மீன்” என்று கத்தினால் மற்றவர்கள் தூண்டில் நூலைச் சுருட்டி வழிவிட வேண்டும்.

“அது மீன்பிடியாடா? சந்தையில கூவுற மாதிரி கூவிக்கிட்டு” என்பான் நிக்கிஃபோர்.

ஞாயிறு விருந்துக்கு ராஜ சால்மன் தருவதாக மாமியார் ஃபெடோசியாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வாரம் முழுக்கக் கசிலோஃபில் நின்றதில் கொசுக்கள்தான் கடித்தன. சனிக்கிழமை காலையில் மாமியார் கேட்டாள்: “மீன் வாட்டுற புகைக்குடிசையில அடுப்பு மூட்டிட்டேன் மாப்ளே. சால்மன் வருமா, இல்ல கோழி வாங்கித் தொங்கவிடவா?”

மத்தியானம் நிக்கிஃபோர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நினில்சிக் வரிசையில் நுழைந்தான். பக்கத்தில் பார்த்தால் ஸ்டெபான்.

“வா மச்சான். பனி நல்லா உருகி வழியுது பாரு.”

பதில் சொல்வதற்குள் நிக்கிஃபோரின் தூண்டில் வில்லாய் வளைந்தது. பெரிய மீன். அது ஓடிய திசையெல்லாம் மற்றவர்களின் நூல்கள்.

“மீன்” என்றான், தேவாலயத்தில் முணுமுணுப்பதுபோல.

“யாருக்கும் கேக்கல மச்சான்.”

நிக்கிஃபோர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மீனுங்க” என்று கூவினான்.