முதல் விலைக்கே சரி

மெத்தைக் கடையில் அவளுக்குக் கல்லுமூஞ்சி என்று பெயர். வைத்தது கடைக்காரியான நாத்தனார். திட்டுவதற்கு அல்ல, மெச்சுவதற்கு. வாங்க வந்தவர் விலையை எவ்வளவு அடித்துக் கேட்டாலும், சரக்கு போடும் கம்பெனி ஆள் எத்தனை சலுகையை நீட்டினாலும் அவள் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. எதிராளி பதறிப்போய்த் தானே இறங்கி வருவான்.

அந்தக் கல் அன்று காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. விரித்த விரிப்பையே மறுபடி விரித்தாள். கதவோரத்துத் தலையணைகளை உள்ளே கொண்டுவந்தாள். பிறகு கதவோரத்துக்கே கொண்டுபோனாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் மெத்தையில் மல்லாந்து படுத்து, "கொஞ்சம் கெட்டியா இருக்கோ?" என்று கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தை போட்டிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். அவளோ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் எழுந்து, "யோசிச்சுட்டு வர்றோம்" என்று போய்விட்டார்கள்.

"யோசிச்சுட்டு வர்றோம்னு போனவங்க இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்களா?" என்றாள் நாத்தனார், கல்லாவில் இருந்தபடியே. "செருப்பைக் கழட்டிட்டுப் படுத்தவங்களையே எழுப்பி அனுப்பிட்டியேம்மா. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

ஒன்றும் இல்லாமல் என்ன? முந்தின நாள் டாக்டரம்மாவிடம் இவளே "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

விஷயம் கருத்தடை மாத்திரை. மகள் பிறந்த பிறகு ஆரம்பித்தது. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. காலையில் பல் தேய்த்ததும் ஒன்று. மாதாமாதம் அவளைச் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்த வயிற்றுவலி, மாத்திரை வந்ததும் போன இடம் தெரியவில்லை. போனது அது மட்டும் என்றால் பரவாயில்லை. அழுகையும் வருவதில்லை. கோபம் பாதி வழி வந்து திரும்பிவிடுகிறது. புருஷன் கை தோளில் பட்டால் பஸ்ஸில் பக்கத்து ஆளின் கை பட்டதுபோல் இருக்கிறது. கடையில் பேர் வாங்கிக் கொடுத்த இந்த முகம் தன்னுடையதா, மாத்திரையுடையதா என்று ஒரு சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"மாத்திரையாலயும் இருக்கலாம், வேற காரணமாவும் இருக்கலாம்," என்றிருந்தாள் டாக்டரம்மா. "நிறுத்திப் பார்த்தாத்தான் ஓரளவு தெரியும். இந்த அட்டையை முடிச்சுட்டு விட்டுடலாம். ஆனா விட்ட உடனே கரு தங்க வாய்ப்பு இருக்கு, வேற பாதுகாப்பு வேணும். பழைய வலியும் திரும்பலாம். வீட்டுக்காரர்கிட்ட கலந்து பேசுங்க."

இடித்தது அந்தக் கடைசி வரிதான். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வேலைக்குப் போன கட்டடத்தில் எந்தக் கைக்குழந்தை என்ன சேட்டை செய்தது என்று தினமும் வந்து சொல்வார். மாத்திரையை நிறுத்துகிறேன் என்றால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார் என்று அவள் கணக்குப் போட்டாள். சரக்கைத் தொட்டுப் பார்த்தவனை வாங்க வந்தவனாக்கி, அவன் தலையிலேயே கட்டுகிற தொழிலில் இருப்பவள் வேறெப்படிக் கணக்குப் போடுவாள்? குழந்தை வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. நிறுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மாலைக்குள் ஒரு யுக்தி கிடைத்தது. எட்டாத விலையில் தொடங்குவது. 'நீங்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்' என்பது. மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், ரெண்டு நாள் பேசமாட்டார், பிறகு, 'அதெல்லாம் எதுக்கு, நான் ஆணுறை போட்டுக்கறேன், நீ மாத்திரையை விட்டுடு' என்று இறங்கி வருவார். குழந்தைப் பேச்சே எழாது.

யுக்தியில் ஒரே ஓட்டை. அவருக்குப் பேரம் பேசத் தெரியாது. "எங்கப்பா என்னைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் பெத்தாரு, இவனை அந்தப் பக்கம் பெத்துட்டாரு" என்று நாத்தனாரே தம்பியைச் சொல்வாள். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கடைக்காரனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஜாதி.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்து வீட்டில் விளையாட்டில் இருந்தாள். இவள் விலையைச் சொன்னாள்.

"நானா?"

"நீங்கதான். இத்தனை வருஷம் நான் முழுங்கியாச்சு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வலிக்குமா?"

"அதிகமா இருக்காதாம்."

"சரி," என்றார். சட்டைக் கையைத் திருப்பிப் போட்டார்.

வியாபாரத்தில் இதைவிட வதை கிடையாது. சொன்ன முதல் விலைக்கே ஒருவன் சரி என்றால், ஒன்று நாம் குறைத்துச் சொல்லிவிட்டோம், இல்லை நம் சரக்கைப் பற்றி நமக்கே தெரியாத ஏதோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அடுப்படிக்குப் போனாள், திரும்பினாள், மூடியிருந்த ஜன்னலைத் திறந்து மூடினாள். ஆசை அவ்வளவு லேசாகவா போய்விட்டது இவருக்கு? தான் சாத்த நினைக்காத ஒரு கதவைத் தன் வாயாலேயே சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுறே?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் அவள் கம்பெனி ஆளோடு விலை பேசிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டுட்டேன். எதுக்குன்னு கேட்டாரு, சொல்லிட்டேன். தைரியமான ஆளுய்யான்னு டீ வாங்கிக் கொடுத்தாரு."

"அண்ணி, இதோ வந்துடறேன்" என்று பேரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். நடந்தாள், ஓடினாள், ஓடுவது தெரிந்ததும் நடந்தாள்.

இரண்டு தெரு தள்ளி, அன்று அவர் வேலைக்கு வந்திருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. அவர் அடிப்பள்ளத்தில் நின்றிருந்தார். தலை மட்டும் தரைக்கு மேலே. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"லீவு வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏன், டாக்டர் ஊர்ல இல்லையா?"

"நான் கூட்டிச் சொன்னேன். நீங்க குறைச்சுக் கேப்பீங்கன்னு."

அவர் கையைத் துணியில் துடைத்தார். "ஏம்மா, நான் என்ன மெத்தை வாங்கவா வந்தேன்? உனக்கு என்னதான் வேணும்?"

மடக்க முடியாத கேள்வி. திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

"மாத்திரையை நிறுத்தணும். நிறுத்தினா நான் எப்படி இருப்பேன்னு பார்க்கணும். கத்துவேனோ, அழுவேனோ, தெரியாது. வலி வந்தா படுத்துடுவேன், சமையல் உங்க தலையில. பாதுகாப்பும் நீங்கதான் பார்த்துக்கணும். இன்னொண்ணு வேணுமான்னு எனக்கே தெரியல. நிறுத்திட்டாளே, சம்மதம்தான்னு நெனச்சுடாதீங்க."

"எனக்கு ஆசை இருக்கு," என்றார். "இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம் ஏன் ஆபரேஷனுக்குச் சரின்னீங்க?"

"நீ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. கேக்கறியேன்னு இருந்துச்சு."

கைப்பையில் போன் அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. நாத்தனாராகத்தான் இருக்கும்.

"அட்டை எப்ப முடியுது?"

"வெள்ளிக்கிழமை."

"அதோட விட்டுடு. மத்ததை நான் பார்த்துக்கறேன். ஆசையை உன் மேல திணிக்க மாட்டேன். ஆனா நடுவுல கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுப்பேன்னுதான் நெனைக்கிறேன்."

"சரி, கோவிச்சுக்கோ," என்று அவர் மீண்டும் பள்ளத்துக்குள் குனிந்தார். "அந்த டார்ச்சைக் கொஞ்சம் இங்க பிடி."

பிடித்தாள். வெளிச்சம் சுவரில் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், அப்போதும் ஆடியது.

"ஆடுது," என்றாள்.

"பரவாயில்ல, தெரியுது," என்றது கீழிருந்து குரல்.